மூன்று பட்டை: ஹவில்தார் அப்துல் ஹமீதும் நம்முடைய தலைமையும்



இந்த நினைவுப் பொழிவு யாருக்காக நடக்கிறதோ அவரை இந்தக் குந்தாப் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் அவில்தார். லயத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அவில்தார் தாத்தா. வெலிங்டனில் பயிற்சி பெற்று, மெட்ராஸ் ரெஜிமென்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1965, 1971 என இரண்டு போர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். பென்ஷன் பணத்தில் மண்ணெண்ணெயும் சிலேட்டும் வாங்கி, லயத்தின் கடைசி வீட்டில் இரவுப் பள்ளி நடத்தியவர். இன்று இந்த மேடையில் நின்று 'நாங்கள்' என்று சொல்லும்போது, அந்தச் சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுதப் படித்த எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அவர் தன்னைப் பற்றி அதிகம் பேசியவர் அல்ல. ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் வெகுநாள் கழித்துச் சொன்னார். லீவில் சீருடையோடு வந்து இறங்கிய அன்று, ஒரு டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸில் டீ வந்தது. காசை வைத்துவிட்டு, குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். "அங்கே குண்டு வந்தப்போ பக்கத்திலே படுத்திருந்தவன் என் சாதியைக் கேக்கலை. இங்கே டீ வந்தப்போ கேட்டுட்டான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

இரவுப் பள்ளியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை அவருடையது அல்ல, இன்னொரு ஹவில்தாருடையது. கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீது. அந்தக் கதையைத்தான் இன்று இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

'தலித் இலக்கிய மேடையில் ராணுவத்தைப் பற்றிப் பேசலாமா?' என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் போரைக் கொண்டாட வரவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள். ஆனால் வீரம் யாருடைய சொத்து, தலைமை யாருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது என்று சாதி காலங்காலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை ராணுவத்தின் ஏட்டிலேயே வைத்துச் சரிபார்க்கலாம் என்பதால்தான் இதைப் பேசுகிறோம்.

முதலில் நம் காலடியிலிருந்து தொடங்குவோம். நாம் பிறந்த வீட்டுக்கு லயம் என்று பெயர். அது 'லைன்'. சிப்பாய்களைக் குடிவைத்த வரிசை வீடுகளுக்கும் லைன் என்றுதான் பெயர். இலங்கையிலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த நம் பாட்டிமார்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தைப் 'பெரட்டு' என்பார்கள். அது 'பரேடு'. தோட்டம் பாளையத்திலிருந்து வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொண்டது. வரிசையாக நிற்க வைத்தது, சங்கு ஊதி எழுப்பியது, தலை எண்ணியது. பாளையத்தில் இருந்த ஒன்றை மட்டும் அது கொடுக்கவே இல்லை, பதவி உயர்வை. சிப்பாயாகச் சேர்ந்தவன் நாயக் ஆகலாம், ஹவில்தார் ஆகலாம், சுபேதார் ஆகலாம். கொழுந்து பறிக்கச் சேர்ந்தவளின் மகளும் கொழுந்துதான் பறித்தாள்.

அதனால்தான் நம் முன்னோர்களுக்குப் படை ஒரு கதவாக இருந்தது. மெட்ராஸ் படையில், குறிப்பாகச் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பயனீர்ஸ் பிரிவுகளில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1இல் நடந்த கோரேகான் சண்டையில் மகர் சிப்பாய்களோடு நின்று பீரங்கியை இயக்கியவர்கள் மெட்ராஸ் பீரங்கிப் படையினர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அந்த நினைவுத் தூணுக்கு அம்பேத்கர் போனது 1927 ஜனவரி 1இல்.

அந்தக் கதவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாத்தப்பட்டது. சாத்தியவர்களில் முக்கியமானவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி. 'போர்க்குடிகள்' என்ற கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். வடக்கே சில சாதிகள் பிறவி வீரர்கள், தெற்கத்தியான் சண்டைக்கு உதவமாட்டான், தீண்டப்படாதவன் சுத்தமாக உதவமாட்டான். இதுதான் அதன் சாரம். வெள்ளைக்காரனின் இனவாதமும் நம் ஊர் வருணக் கணக்கும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்ட இடம் இது. மகர்களைச் சேர்ப்பது நின்றது. மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களின் முடிவுக்குள் இல்லாமலே போயின. மெட்ராஸ் பயனீர்ஸ் 1933இல் கலைக்கப்பட்டது.

இதை எதிர்த்து முதலில் பேனா எடுத்தவரும் ஒரு ஹவில்தார்தான். கோபால் பாபா வலங்கர். 1886இல் படையிலிருந்து ஓய்வு பெற்ற மகர். 1890களில் படைக்கதவைத் திறக்கச் சொல்லி மனு எழுதினார். மேற்கிந்தியாவில் தலித் எழுத்தின் முன்னோடி அவர். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் பாபாசாகேப். படைமுகாமில் பள்ளிக்கூடம் இருந்தது, சிப்பாயின் வீட்டுக்குள் எழுத்து நுழைந்தது. நம் நீலகிரியும் இதற்கு விலக்கல்ல. அயோத்திதாசர் இந்த மலையில்தான் வளர்ந்தார். 1891இல் திராவிட மகாஜன சபையின் கோரிக்கைகள் இந்த மலையில்தான் தீர்மானங்களாயின. இரட்டைமலை சீனிவாசன் இந்த மலையில் கணக்கராக வேலை பார்த்தவர். பாளையமும் வெள்ளைக்காரக் கம்பெனியும் இருந்த இடங்களில், ஊர்த்தெருவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தளர்விலிருந்து எழுத்து பிறந்தது.

உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் 'போர்க்குடி' தத்துவம் ஒரே நாளில் காணாமல் போனது. 1941 அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமென்ட். அடுத்து மெட்ராஸ் ரெஜிமென்ட் உயிர்பெற்றது. 1943 மார்ச்சில் சமார் ரெஜிமென்ட். 1944 ஜூன் 24இல் இத்தாலியில், மிக்னானோ அருகே, காஞ்சிபுரத்துக் கிராமத்தில் பிறந்த மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். செத்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. ராபர்ட்ஸ் எழுதிய தென்னாட்டு இலக்கணத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. போர் முடிந்தது. 1946இல் சமார் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. தேவைப்படும்போது வீரன், தேவை முடிந்ததும் தீண்டப்படாதவன்.

இப்போது அப்துல் ஹமீதுக்கு வருவோம்.

உத்தரப் பிரதேசத்தில் காசிப்பூர் மாவட்டம், தாமுப்பூர் கிராமம். 1933 ஜூலை 1இல் பிறந்தார். அப்பா முகமது உஸ்மான் தையல்காரர். மகனும் தையல் வேலை கற்றவர்தான். தலித் அல்ல. ஆனால் முஸ்லிம்களுக்குள்ளும் 'அஷ்ரப்' என்று தங்களை உயர்த்திக்கொண்டவர்கள் தையல்காரரையும் நெசவாளரையும் எங்கே உட்காரவைத்தார்கள் என்பதை இன்றைய பஸ்மாந்தா இயக்கத் தோழர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ராபர்ட்ஸின் பட்டியலில் ஊசி பிடித்த கைக்கு இடமில்லை.

1954 டிசம்பர் 27இல் சேர்ந்தார். 4ஆவது கிரெனேடியர்ஸ் பட்டாலியன். 1962இல் அவருடைய பட்டாலியன் நம்கா சூ ஆற்றங்கரையில் இருந்தது. குளிர் உடையும் போதிய குண்டும் இல்லாமல் நிறுத்தப்பட்டு, சீனப் படையிடம் சிதைந்துபோன பிரிகேடு அது. தோற்ற படையோடு நடந்து திரும்பிய அனுபவம் அவருக்கு உண்டு. இதை மறந்துவிட்டு 1965ஐப் புரிந்துகொள்ள முடியாது. தோற்றவனுக்குத்தான் எது எங்கே பிழைத்தது என்று தெரியும்.

டாங்கி எதிர்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் ஆனார். அது என்ன வேலை? கம்பெனியின் சோறு, துணி, செருப்பு, தோட்டா எல்லாம் கணக்குப் பார்த்துப் பங்கிடுகிற வேலை. யாருக்குக் கம்பளி பத்தவில்லை, யார் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டிய வேலை. புகழ் வருகிற வேலை அல்ல. ஆனால் 1965இல் போர் மூண்டதும் 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். பீரங்கியைக் கையாளத் தெரிந்த கை என்பதால் அந்தப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது.

இந்தப் பீரங்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்தது என்னவென்று புரியும். ஒரு சாதாரண ஜீப்பின் மேல் பொருத்திய நீண்ட குழல். சுற்றிலும் இரும்புத் தகடு எதுவும் கிடையாது. எதிரே வருவது நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள பேட்டன் டாங்கி. இந்தப் பீரங்கியைச் சுட்டால் பின்பக்கம் பெரிய தீயும் புழுதியும் எழும். அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நீங்களே எதிரிக்குச் சொல்லிவிடுகிறீர்கள். ஆகவே சுட்ட உடனே இடம் மாற வேண்டும். இல்லையென்றால் அடுத்த குண்டு உங்களுக்கு. டாங்கி நெருங்கி வரும்வரை பொறுக்க வேண்டும், சுட வேண்டும், பறக்க வேண்டும், மறுபடி மறைய வேண்டும். ஓட்டுநர், குண்டு நிரப்புபவர், சுடுபவர் மூவரும் ஒரே உடம்பு போல இயங்க வேண்டும். தனி மனிதனின் ஆவேசத்தால் இது நடக்காது. கைவேலைக்காரனின் பொறுமைதான் இங்கே வேலை செய்யும்.

1965 செப்டம்பர் முதல் வாரம். பஞ்சாபில் கேம்கரன் பகுதி. பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு பேட்டன் டாங்கிகளோடு வருகிறது. இந்தியத் தரப்பில் 4ஆவது மலைப் படைப்பிரிவு, 1962இல் அடிவாங்கிய அதே பிரிவு. பின்வாங்கி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி குதிரை லாட வடிவில் நிலைகொண்டார்கள். கரும்பும் பருத்தியும் நிற்கும் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கனத்த டாங்கிகள் சேற்றில் சிக்கின.

செப்டம்பர் 10. காலை எட்டு மணி. பிக்கிவிண்ட் சாலையில் சீமா கிராமத்துக்கு முன்னே, கடுமையான பீரங்கித் தாக்குதலுக்குப் பின் டாங்கிகள் வந்தன. ஒன்பது மணிக்குள் முன்னணிக் காவல் நிலைகளுக்குள் நுழைந்துவிட்டன. பதுங்கு குழியில் துப்பாக்கியோடு இருக்கும் காலாட்படைக்காரன் ஒரு டாங்கியை என்ன செய்ய முடியும்? அவன் எழுந்து ஓடினால் அந்த வரிசை முழுக்கச் சரியும். அந்த நேரத்தில்தான் ஹமீது தன் ஜீப்பை நிலையிலிருந்து வெளியே எடுத்து, குண்டுமழைக்கு நடுவே பக்கவாட்டில் போனார். முன்னால் வந்த டாங்கியை அடித்தார். இடம் மாறினார். இன்னொன்று தீப்பிடித்தது. அதற்குள் மற்ற டாங்கிகள் அவரைப் பார்த்துவிட்டன. இயந்திரத் துப்பாக்கியும் வெடிகுண்டும் அந்த ஒரு ஜீப்பின் மேல் குவிந்தன. அவர் நிறுத்தவில்லை. அடுத்த டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே குண்டு விழுந்து இறந்தார். வயது முப்பத்திரண்டு.

வரிசை சரியவில்லை. அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நின்று சண்டை போட்டார்கள், தாக்குதல் திருப்பியடிக்கப்பட்டது. அந்தச் சண்டையில் பாகிஸ்தான் தரப்பு 97 டாங்கிகளை இழந்தது என்பது இந்தியப் படையின் கணக்கு. அவருடைய மனைவி ரசூலன் பீபி 1966 குடியரசு நாளில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனிடமிருந்து பரம்வீர் சக்ராவை வாங்கிக்கொண்டார்.

எத்தனை டாங்கி என்பதை வைத்து இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அவில்தார் தாத்தா அப்படிச் சொல்லமாட்டார். "அவன் எத்தனையை அடிச்சான்னு பாக்காதே. அவனைப் பாத்து எத்தனை பேர் ஓடாம நின்னான்னு பாரு" என்பார். எங்களுக்குச் சமூகவியல் பாடத்தில் பிற்பாடு அதிகாரம், ஆளுமை என்று வெபரைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தின் முதல் வரி எங்களுக்கு லயத்திலேயே கிடைத்துவிட்டது.

தோட்டத்தில் நமக்குத் தெரிந்த தலைமை கங்காணித் தலைமை. கங்காணி கம்போடு பின்னால் நிற்பார். கூலியை அவர் வழியாகத்தான் வாங்க வேண்டும், கடனும் அவரிடம்தான். அவருடைய சாதி பெரும்பாலும் பறிக்கிறவளின் சாதிக்கு மேலே இருக்கும். அந்த அதிகாரம் மேலே இருக்கும் துரையிடமிருந்து இறங்கி வருவது. ஹவில்தாரின் அதிகாரத்துக்கும் மேலிடம் உண்டு, மூன்று பட்டையை மேலிடம்தான் தைத்துக் கொடுக்கிறது. ஆனால் குண்டு விழுகிற நேரத்தில் அந்தப் பட்டை வெறும் துணி. அப்போது ஆட்கள் அவன் சொல்வதைக் கேட்பது, அவன் தங்கள் சோற்றையும் கம்பளியையும் கணக்கு வைத்தவன் என்பதாலும், தங்களுக்கு முன்னால் போகிறவன் என்பதாலும்தான். முன்னால் போவதும் கணக்கு வைப்பதும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். நம் சங்கங்களில், மன்றங்களில் இது எத்தனை பேரிடம் இருக்கிறது? மைக்கில் முன்னால் நிற்கிறவர்கள் நிறைய. மழையில் வந்த ஆயாவுக்குத் திரும்பிப் போக பஸ் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. இதை எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நினைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பின அமெரிக்கர் ஹென்றி ஜான்சன், ஆல்பனி ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். முதல் உலகப் போரில் 369ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் இருந்தார். வெள்ளைச் சிப்பாய்களோடு சேர்த்து வைக்க மனமில்லாமல் அந்த ரெஜிமென்டையே பிரெஞ்சுப் படையிடம் கொடுத்துவிட்டது அமெரிக்கா. 1918 மே மாதத்து இரவு ஒன்றில், காயம்பட்ட தோழனை ஜெர்மானியர் தூக்கிப் போகவிடாமல், துப்பாக்கிக் குண்டு தீர்ந்த பிறகு கட்டையாலும் கத்தியாலும் சண்டையிட்டார். பிறகு சார்ஜென்ட் ஆனார். பிரான்ஸ் உடனே பதக்கம் கொடுத்தது. அவருடைய சொந்த நாடு கொடுக்கவில்லை. 1929இல் இறந்தார். அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கம் 2015இல்தான் வந்தது. தொண்ணூற்றேழு ஆண்டுகள்.

ஹமீதுக்குப் பதக்கம் நான்கே மாதத்தில் கிடைத்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? 2025 பிப்ரவரியில் தாமுப்பூரில் அவர் பெயரிலான பள்ளிக்கு வெள்ளையடித்தபோது, வாயிலில் அவர் பெயருக்குப் பதில் வேறு பெயர் ஏறியது. குடும்பத்தாரும் மற்றவர்களும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் பெயர் திரும்ப வந்தது. பரம்வீர் சக்ராவே இருந்தாலும் ஒரு வாளி சுண்ணாம்பு போதும், பெயர் போய்விடும். காவல் இருக்க வேண்டும். நினைவுப் பொழிவுகள், புத்தகங்கள் எல்லாம் அந்தக் காவல்தான்.

கடைசியாக மாணவர்களுக்கு. இந்த மலையிலிருந்து ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகுகிற தம்பிகளை விடியற்காலையில் மஞ்சூர் சாலையில் பார்க்கிறோம். ஓட வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு ஓடுங்கள்.

ஒன்று, ராபர்ட்ஸ் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் என மூன்று பிரிவினரைத்தான் எடுக்கிறோம் என்று 2013இல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நடைமுறைத் தேவை என்று அதற்குக் காரணம் சொன்னது. தலித்துகள் இருவர் குடியரசுத் தலைவராகிவிட்டார்கள், பழங்குடிப் பெண் ஒருவரும் ஆகிவிட்டார். அந்தக் குதிரையின் மேல் நாம் ஏற முடியாது.

இரண்டு, 2022இல் வந்த அக்னிபத் திட்டம். நான்கு ஆண்டு வேலை. அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் தொடர்ச்சி. மற்றவர்கள் ஒரு தொகையோடு, பென்ஷன் இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். அப்துல் ஹமீது சேர்ந்து ஏறக்குறைய பதினோரு ஆண்டு கழித்து அந்தக் காலை வந்தது. நடுவில் ஒரு தோல்வி, பல ஆண்டுப் பீரங்கிப் பழக்கம், பிறகு சோற்றுக் கணக்கு. ஒரு ஹவில்தாரைச் செய்ய அத்தனை காலம் பிடித்தது. நான்கு ஆண்டில் திரும்புகிற நம் பிள்ளைக்கு மூன்று பட்டையும் வராது, இரவுப் பள்ளிக்கு மண்ணெண்ணெய் வாங்கிய அந்தப் பென்ஷனும் வராது. படையில் நமக்கிருந்த ஒரே நன்மை, ஏறிப்போகிற ஏணி. ஏணியின் மேல்படிகளை எடுத்துவிட்டால், அது இன்னொரு தோட்டம்தான். பெரட்டு இருக்கும், பதவி இருக்காது. இதை அரசியல் கோரிக்கையாக நாம் எடுக்க வேண்டும். வலங்கர் 1890களில் மனு எழுதினார். நம் மனுவை நாம் எழுத வேண்டும்.

அவில்தார் தாத்தா இரவுப் பள்ளி முடிந்ததும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். விளக்கை அணைப்பதற்கு முன் எங்களை எண்ணுவார். வரும்போது எத்தனை பேர், போகும்போது எத்தனை பேர். சண்டை முடிந்ததும் ஹவில்தார் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்பார். காட்டு மாடு நடமாடும் பாதை என்பதால் எண்ணுகிறார் என்று அப்போது நினைத்தோம். பிறகு ஒவ்வொருவராக எங்களில் சிலர் படிப்பை விட்டார்கள், திருப்பூருக்குப் போனார்கள், சிலர் குடியில் போனார்கள். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். குறைந்தவர்களின் வீட்டுக்கு மறுநாள் காலையில் போய் நின்றார். அப்படி அவர் வந்து நின்றதால் திரும்பிப் பள்ளிக்கு வந்தவர்களில் இருவர் இன்று இந்த அரங்கில் ஆசிரியர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டம் முடிந்து விளக்கை அணைப்பதற்கு முன் ஒருமுறை எண்ணுவோம். யார் வரவில்லை என்று பார்ப்போம். நாளைக் காலையில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போவோம்.

ஜெய்பீம்.